ஆற்றோடு மேலே ஏறுவோம்: நம் நாட்டுக்கே உரிய பாலூட்டிகள்



கோணேசரைக் கும்பிடத் திருகோணமலைக்குப் போய்வந்தவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் கூட்டமாக நிற்கும். பயமில்லாமல் கிட்ட வரும். பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "அப்பா, இது நம்ம நாட்டு மானா?" "ஆமா, பின்ன எந்த நாட்டு மான்?" என்று சொல்லிவிட்டு நாமும் நடப்போம்.

அந்தப் பதில் பிழையில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். கோட்டையில் நிற்கும் அந்த மான் இனம் இந்தியாவிலும் இருக்கிறது. இங்கே இல்லாமல் போனாலும் அங்கே இருக்கும். ஆனால் நம் லயத்துக்கு மேலே உள்ள காட்டில் ஓடித்திரியும் ஓர் எலி உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இல்லை. நம் காட்டில் இல்லை என்றால் உலகத்திலேயே இல்லை. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்வதுதான் இம்முறைப் பாடம். பெரியவர்கள் வாசித்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பாடத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். நம் மலைகளில் பெய்யும் மழையை ஆக்ரா ஓயாவும் நானு ஓயாவும் கொத்மலை ஓயாவும் கொண்டுபோய் மகாவலியில் சேர்க்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து இன்னும் தெற்கே கடலைச் சேர்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கரையில் இலங்கைத்துறை முகத்துவாரம் என்ற ஊர் உண்டு. நாம் இந்தத் துறையில் தொடங்கி, ஆற்றோடு மேலே ஏறி, நம் தோட்டத்துக்கு வந்து சேர்வோம். வழியில் என்னென்ன பாலூட்டிகள் வாழ்கின்றன, எவை நமக்கு மட்டும் சொந்தம் என்று பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

பாலூட்டி என்றால் குட்டிக்குப் பால் கொடுக்கும் உயிரினம். உடம்பில் கொஞ்சமாவது மயிர் இருக்கும். இரத்தம் எப்போதும் சூடாக இருக்கும். யானையும் பாலூட்டி, எலியும் பாலூட்டி, நாமும் பாலூட்டிதான். வௌவால் பறந்தாலும் பறவை அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. நம் நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை வௌவால்கள் உண்டு.

இயற்கையாகவே ஒரு நாட்டில் வாழ்ந்துவரும் இனத்தைச் சுதேச இனம் என்கிறோம். அதே இனம் பக்கத்து நாடுகளிலும் வாழலாம். கோட்டைப் புள்ளிமான் இந்த வகை.

ஒரு நாட்டில் மட்டுமே வாழ்ந்து, வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத இனத்தை அந்த நாட்டுக்கேயுரிய இனம் என்கிறோம். எல்லா நாட்டுக்கேயுரிய இனங்களும் சுதேச இனங்கள்தான். ஆனால் எல்லாச் சுதேச இனங்களும் நாட்டுக்கேயுரியவை அல்ல.

ஓர் இனத்துக்குள்ளேயே, ஓரிடத்தில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்ததால் கொஞ்சம் வேறுபட்டுப்போன கூட்டத்தை உப இனம் என்பார்கள்.

இந்தக் கணக்கு விலங்குக்கும் செடிக்கும் மட்டுமே. மனிதரை இப்படிப் பிரித்துப் பார்த்ததால் வந்த துன்பத்தை நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாம் அறிவோம்.

முகத்துவாரத்தில்: யாருக்கும் மட்டும் சொந்தமில்லாத பெரியவர்

திருகோணமலைக்கு வெளியே கடலடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. அதனால் ஆழக்கடலில் வாழும் திமிங்கிலங்கள் அங்கே கரைக்கு அண்மையில் வருகின்றன. பங்குனி, சித்திரையிலிருந்து ஆவணி வரை, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், கோணேசர் கோயில் பாறையிலிருந்தே சிலர் கண்டிருக்கிறார்கள். தூரத்தில் கடலிலிருந்து நீராவி போல ஒரு பீச்சல் எழும். அது தண்ணீரல்ல, திமிங்கிலம் விடும் மூச்சு. மீனுக்குச் செவுள் உண்டு. திமிங்கிலத்துக்கு நம்மைப் போல நுரையீரல்தான். ஆகவே மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும்.

நீலத் திமிங்கிலம் உலகில் வாழும் விலங்குகளில் மிகப் பெரியது. முப்பது மீற்றர் வரை நீளும். எடை நூறு தொன்னையும் தாண்டும். அதன் கன்று ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருநூறு லீற்றர் பால் குடிக்கும். 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பிறகு, 1980களின் தொடக்கத்தில், 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். திமிங்கிலம், ஓங்கில் என்று இருபத்தைந்துக்கு மேற்பட்ட இனங்கள் நம் கடலில் காணப்பட்டிருக்கின்றன.

ஆனால் இவற்றில் ஒன்றுகூட நாட்டுக்கேயுரியது அல்ல. கடலில் வேலி இல்லை. இன்று திருகோணமலையில் மூச்சுவிடும் திமிங்கிலம் இன்னொரு நாள் அரபிக் கடலில் நிற்கலாம். அதைக் காப்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான பொறுப்பு.

கரையோரக் காட்டில்: பங்காளிகள்

கரையை விட்டு உள்ளே வருவோம். மூதூர், வெருகல், கந்தளாய்ப் பக்கக் காடுகள் வரண்ட வலயக் காடுகள். மாரி மழை பெய்து ஓய்ந்தால் பல மாதம் வெயில்தான். இந்தக் காடுகளில் யானை, கரடி, மரை, புள்ளிமான், சிறுத்தை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, எறும்புண்ணி என்று பெரியதும் நடுத்தரமுமான விலங்குகள் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கு கிழக்குக்குப் போய்க் குடியேறிய நம் உறவுக்காரர்களைக் கேட்டால், யானை வந்து வாழையை முறித்த கதையைச் சொல்வார்கள்.

இவை பெரும்பாலும் இந்தியாவோடு நாம் பங்கிட்டுக்கொள்ளும் இனங்கள். யானை, சிறுத்தை, கரடி ஆகியவற்றில் நம் நாட்டுக் கூட்டங்களைத் தனி உப இனங்களாகக் கொள்கிறார்கள். சாம்பல் நிற உடம்பும் கறுத்த முகமும் உள்ள மந்தி தென்னிந்தியாவிலும் உண்டு.

ஆனால் அதே காட்டில் நமக்கே உரிய சிலவும் இருக்கின்றன. தலையில் தொப்பி வைத்தாற்போல மயிர் வட்டமாக நிற்கும் செங்குரங்கைப் பாருங்கள். நம் கூரையில் ஏறித் தகரத்தைக் கிளப்புகிற, பாத்தியில் போஞ்சியைப் பறிக்கிற அதே குரங்குதான். இது இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம். வரண்ட காட்டிலும் மழைக்காட்டிலும் மலை உச்சியிலும் வாழ்கிறது. மூன்று உப இனங்கள் உண்டு. பொலன்னறுவையில் 1968 முதல் தொடர்ந்து பல்லாண்டுகள் இக்குரங்குகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, பெரிய எதிர்ப்பு வந்து, அனுப்புவதில்லை என்று நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "இவ்வளவு இருக்கே, போனா என்ன?" என்று தோன்றலாம். ஊர்ப்பக்கம் கூட்டமாகத் தெரிந்தாலும், காடு சுருங்கச் சுருங்க அவை நம் பக்கம் வந்து குவிகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும்.

சருகுமானும் அப்படித்தான். முயல் அளவில், கொம்பில்லாமல், குச்சி போன்ற காலோடு, சருகுக்குள் மறைந்து திரியும். முன்பு இந்தியாவிலும் இங்கேயும் உள்ளது ஒரே இனம் என்றார்கள். 2005இல் மண்டையோட்டையும் உடம்புக் குறிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தியச் சருகுமான் வேறு, நம்முடையது வேறு என்று பிரித்தார்கள். அதுமட்டுமல்ல, திருகோணமலை போன்ற வரண்ட காட்டுச் சருகுமான் ஓர் இனம், ஈர வலயத்துச் சருகுமான் இன்னோர் இனம். இரண்டுமே நம் நாட்டுக்கு மட்டும் உரியவை.

மலையில்: சிறியவர்கள், ஆனால் நமக்கே உரியவர்கள்

இனி ஆற்றோடு மேலே ஏறுவோம். மகியங்கனை, கண்டி, கொத்மலை தாண்டி நுவரெலியா, ஹோட்டன் சமவெளி. இங்கே யானைக் கூட்டம் இல்லை. மான் மந்தையும் இல்லை. மரைகள் உண்டு, சிறுத்தை உண்டு. மற்றபடி காடு வெறிச்சென்று கிடப்பதுபோல் தோன்றும். உண்மையில் நாட்டுக்கேயுரிய பாலூட்டிகள் அதிகம் வாழ்வது இங்கேயும் தென்மேற்கு மழைக்காடுகளிலும்தான். சிறியவை, இரவில் திரிபவை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

ஒஹியா எலி: ஒஹியா ரயில் நிலையத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய எலி இது. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, வாலின் மேற்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. உலகில் இதற்கு நெருங்கிய சொந்தக்காரர் இல்லாததால் 1981இல் இதற்கென்றே ஒரு தனிச் சாதிப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் 'ஸ்ரீலங்காமிஸ்'. 'மிஸ்' என்றால் கிரேக்க மொழியில் எலி. லயத்துக்குள் வந்து அரிசி மூட்டையைக் கடிக்கும் எலி வேறு. ஒஹியா எலி காட்டை விட்டு நம் காம்பிராவுக்கு வருவதில்லை.

நெலு எலி: குறிஞ்சிச் செடியைச் சிங்களத்தில் நெலு என்பார்கள். உயர்ந்த மலைக்காட்டில் வாழும் இந்த எலிக்கு அந்தச் செடியின் பெயரே வந்தது.

நீள்நக மூஞ்சூறு: மூஞ்சூறு எலி அல்ல. எலி கொறிக்கும்; மூஞ்சூறு புழு பூச்சி தின்னும். நம் மலையில் வாழும் நீள்நக மூஞ்சூறு ஒன்று, நகத்தால் மண்ணைக் கிளறி மண்புழு தேடும். இதுவும் உலகில் தனிச் சாதி, இலங்கை மலைக்கு மட்டும் உரியது. இன்னொரு மூஞ்சூறு இனம் 2007இல்தான் சிங்கராஜக் காட்டுப் பக்கத்திலிருந்து புதிதாகக் கண்டறியப்பட்டுப் பெயர் பெற்றது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது, பாருங்கள்.

மலைத் தேவாங்கு: பெரிய வட்டக் கண், மெல்லிய கை கால், வால் இல்லை. செந்தேவாங்கு இலங்கைக்கே உரியது. ஹோட்டன் சமவெளிப் பக்கத்தில் வாழும் கூட்டத்துக்குக் குளிருக்கு ஏற்றாற்போல் மயிர் அடர்ந்திருக்கும். 1937க்குப் பிறகு அது மிக அரிதாகவே தென்பட்டது. அழிந்தே போய்விட்டது என்று எண்ணியிருந்த நேரத்தில், 2010இல் அதன் புகைப்படங்கள் வெளியாகின. தேவாங்கின் கண்ணை மருந்துக்கு, வசியத்துக்கு என்று பிடித்துக் கொன்ற காலமும் உண்டு. அதில் எந்த மருந்தும் இல்லை.

கருமந்தி: அதிகாலையில் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஹூ... ஹூ..." என்று காடு அதிரக் கேட்கும் சத்தம் இதனுடையது. ஊதா சாயலில் கறுத்த முகம், வெளுத்த தாடி. மலைநாட்டுக் கூட்டத்துக்கு மயிர் கம்பளி போல் இருப்பதால் ஆங்கிலேயர் இதைக் கரடிக்குரங்கு என்றார்கள். இலைதான் இதன் முக்கிய உணவு. மரத்தை விட்டு இறங்கவே பிரியப்படாது. ஆகவே காட்டுத் துண்டுகளுக்கிடையே மரத்தொடர் அறுந்தால் இதன் பாதையும் அறுந்துபோகும்.

பொன் மரநாய்: நம் கூரைமேல் ஓடும் சாதாரண மரநாய் ஆசியாவில் பல நாடுகளில் உண்டு. பொன் நிற மரநாய் நமக்கு மட்டும் உரியது. பழம் தின்று, கொட்டையைக் காடெங்கும் போட்டு, மரம் நடுகிற வேலையைச் செய்கிறது. 2009இல் இதை ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரித்தார்கள். பின்னர் மரபணு ஆராய்ச்சி செய்தவர்கள் ஒரே இனம்தான் என்றார்கள். ஆகவே "மொத்தம் எத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் ஆராய்ச்சி வளர வளர மாறும்.

2012இல் வெளியான தேசிய சிவப்புப் பட்டியல் தரைவாழ் பாலூட்டிகளில் 95 சுதேச இனங்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் 21 நாட்டுக்கேயுரியவை. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மொத்தத்தில் 53 இனங்கள், அதாவது பாதிக்கும் மேல், அழியும் ஆபத்தில் இருப்பவை என்று அந்தப் பட்டியல் சொன்னது.

ஏன் நம் மலையில் மட்டும்?

இதற்கு இரண்டு காரணங்களை விளங்கிக்கொண்டால் போதும்.

ஒன்று, கடல். இந்தியாவுக்கும் நமக்கும் இடையே உள்ள பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. பனியுகத்தில் உலகின் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து, கடல் மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இரண்டு நிலமும் ஒட்டியிருந்தன. யானையும் மானும் நடந்தே வந்தன. ஏறத்தாழ 7,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் ஏறி, வழி மூடிக்கொண்டது. அதனால்தான் வரண்ட காட்டு விலங்குகள் பெரும்பாலும் இந்திய விலங்குகளின் பங்காளிகளாக இருக்கின்றன.

இரண்டு, மழை. நம் மலையும் தென்மேற்கும் ஈர வலயம். நாட்டின் பரப்பில் நாலில் ஒரு பங்கு அளவுதான் இது. சுற்றிலும் வரண்ட நிலம். குளிரும் ஈரமும் பழகிய சிறு பிராணி, நிலம் ஒட்டியிருந்த காலத்தில்கூட அந்த வெயில் காட்டைக் கடந்து போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. தீவுக்குள் இன்னொரு தீவு போல் மலை தனித்து நின்றது. பல இலட்சம் ஆண்டுகள் தனியாக வாழ்ந்ததில் இங்கிருந்தவை தனி இனங்களாகிவிட்டன.

தனிமைதான் அவற்றை உண்டாக்கியது. அதே தனிமைதான் அவற்றின் ஆபத்தும். காடு போனால் அவற்றுக்கு ஒதுங்க வேறு மலை இல்லை.

போனவை

1660இல் கொட்டியாரக் குடாவில் மூதூர்ப் பக்கம் இறங்கிப் பிடிபட்ட றொபட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறைப்பட்டிருந்தார். நாம் இன்று ஏறிவந்த வழியில்தான் அவரும் மலைக்குக் கொண்டுவரப்பட்டார். 1681இல் வெளியான தன் நூலில், அரசனிடம் இருந்த 'கவர' என்ற பெரிய காட்டுமாட்டைப் பற்றி எழுதினார். அந்தக் காட்டுமாடு இன்று இலங்கையில் இல்லை. இந்தியாவில் இன்னும் உண்டு. பங்காளி வீட்டில் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். ஒஹியா எலிக்கு அப்படி ஒரு பங்காளி வீடு கிடையாது.

மலைநாட்டில் ஒரு காலத்தில் யானைகள் நிறைய இருந்தன. மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. 1873இல் ஹூக்கர் என்ற தாவரவியலாளரின் ஆலோசனையின்படி ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள அரச காடுகளை வெட்டாமல் விடத் தீர்மானித்தார்கள். ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காட்டை அழிக்க உத்தரவு போட்டவர்கள் நம் முன்னோர் அல்ல. அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். ஆகவே அந்தப் பழியை நம் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் மிஞ்சிய காட்டுத் துண்டுகள் இன்று எங்கே இருக்கின்றன? மலை உச்சியில், ஆற்றுப் பள்ளத்தில், நம்பர் மலைகளுக்கு நடுவில். அவற்றுக்குக் கிட்ட இருப்பவர்கள் நாம்தான்.

இந்நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் பெரிய நூல் எழுதிய பிலிப்ஸ் என்பவரும் ஒரு தோட்டத் துரைதான். ஒஹியா எலிக்கும் நெலு எலிக்கும் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் அவரே. கொழுந்தெடுக்கும்போதும் கான் வெட்டும்போதும் இந்தப் பிராணிகளை முதலில் கண்டவர்கள் நம் ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது நம் ஊகம். நூலில் அவர்கள் பெயர் இல்லை.

ஒரு கம்பி, ஒரு கருஞ்சிறுத்தை

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டிக்கொண்டது. கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல. நம் சிறுத்தையே, நிறம் மட்டும் கறுத்துப் பிறந்தது. இலங்கையில் மிக அரிது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். கழுத்துக் காயம் கடுமை. மே 29ஆம் திகதி இறந்துவிட்டது.

இந்தக் கண்ணிகளைச் சிறுத்தைக்கென்று யாரும் வைப்பதில்லை. பன்றிக்கு வைக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தை நாம் அறிவோம். சம்பளத்தில் பற்றாததை மரக்கறிப் பாத்திதான் ஈடுகட்டுகிறது. "ராத்திரி பன்னி வந்து மூணு மாசக் கெழங்கையும் கிண்டிப் போட்டுருச்சு" என்று காலையில் பாத்தியருகே நிற்கும் தாயிடம் போய் விலங்கின் அருமையைப் பேசுவது சுலபமல்ல.

ஆனால் பிரேக் வயருக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. சருகுமானும் மரையும் முள்ளம்பன்றியும் அதே வழியில்தான் வரும். இடுப்பிலோ கழுத்திலோ கம்பி இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அவிழ்த்துவிட்டாலும் உள்காயத்தால் சில நாளில் சாவது உண்டு. நாடு முழுவதும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்தை எட்டாது என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. நம் தீவில் புலி இல்லை, ஓநாய் இல்லை. பன்றியையும் மரையையும் வேட்டையாடி அளவோடு வைத்திருக்கும் பெரிய விலங்கு சிறுத்தை ஒன்றுதான். சிறுத்தை செத்தால் பன்றிக்குத்தான் கொண்டாட்டம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி சிறுத்தையைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். பன்றிக்குத்தான் வைத்தோம் என்று சொன்னாலும் பொலிஸ், நீதிமன்றம் என்று குடும்பமே அலைய நேரிடும். ஒரு முழக் கம்பிக்காக ஒரு வீட்டின் உழைப்பாளி உள்ளே போகலாமா?

நாம் செய்யக்கூடியவை

1. கண்ணி வைக்க வேண்டாம். கண்ணியைக் கண்டால் தொடாமல் தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள். கூட்டம் கூட விடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

2. பாத்தியைத் தனித்தனியாகக் காப்பதைவிட, பக்கத்துப் பாத்திக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் பழைய தகரம் அடிப்பது பலன் தரும். வேலிக்குப் பொருள் கேட்டுத் தோட்ட நிருவாகத்திடம் எல்லாரும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள்.

3. லயத்தைச் சுற்றிக் குப்பையும் எச்சில் சோறும் கொட்டாதீர்கள். குப்பைக்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். வளர்க்கும் நாயை இரவில் உள்ளே கட்டுங்கள். இருட்டியபின் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

4. தேயிலைக்குள் சிறுத்தைக் குட்டி கிடந்தால் தூக்காதீர்கள். தாய் கிட்டத்தான் இருக்கும். அந்த இடத்தை விட்டு எல்லாரும் விலகி, கங்காணியிடம் சொல்லி, அன்றைக்கு வேறு மலையில் கொழுந்தெடுக்கக் கேளுங்கள்.

5. கோடையில் மானாப் புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். தீ மேலே ஏறிக் காட்டுக்குள் போகும். ஓடத் தெரிந்த விலங்கு ஓடும். வளைக்குள் இருக்கும் எலியும் மூஞ்சூறும் எங்கே ஓடும்?

6. ஓடைக்கரையிலுள்ள மரங்களை விறகுக்கு வெட்டாதீர்கள். கருமந்திக்கும் தேவாங்குக்கும் அதுதான் பாதை. நம் குடிதண்ணீருக்கும் அதுதான் காவல்.

ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கைச் சிறுத்தை தினம். 2021இல் அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் தோட்டப் பாடசாலையிலோ பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டலாம்.

மறுமுறை கோணேசருக்குப் போகும்போது பிள்ளை மானைக் காட்டிக் கேட்டால் முழுப் பதிலையும் சொல்லுங்கள். "இது நம்ம நாட்டு மான்தான், ஆனா இந்தியாவிலயும் இருக்கு. நமக்கு மட்டும்னு இருக்கறது நம்ம லயத்துக்கு மேல இருக்கு. ஊருக்குப் போனதும் காட்டுறேன்." உடனே கண்ணில் படாமல் போகலாம். காடு இருந்தால் அதுவும் இருக்கும்.

பிள்ளைகளுக்கான கேள்விகள்

1. சுதேச இனத்துக்கும் நாட்டுக்கேயுரிய இனத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன? ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம் எழுதுக.
2. திமிங்கிலம் ஏன் மீன் அல்ல?
3. மூஞ்சூறுக்கும் எலிக்கும் உணவில் என்ன வேறுபாடு?
4. ஈர வலய மலையைத் "தீவுக்குள் ஒரு தீவு" என்று ஏன் சொல்கிறோம்?
5. உங்கள் தோட்டத்து ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது? அந்த ஆறு எந்த ஊரில் கடலை அடைகிறது? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அந்த ஓடைக்கரையில் முன்பு அவர்கள் கண்ட, இப்போது காணாத விலங்குகளின் பெயர்களையும் கேட்டுச் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.